பால் வெள்ளையும் செவிட்டுக் குட்டியும்

(இராஜபாளையம் வட்டாரத்து நாய் வளர்ப்போர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கால்நடை அபிவிருத்தியைப் பற்றிக் கிராமங்களில் பேச்செடுத்தால் அது பசு, எருமை, ஆடு, கோழி என்பவற்றோடு முடிந்துவிடுவது வழக்கம். நாயைப் பற்றிப் பேசுவோர் அரியர். பேசினாலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு நிறுத்திக்கொள்வர். ஆனால் இந்த வட்டாரத்திலோ நாய் என்பது காவலுக்கு மட்டும் வைத்துள்ள பிராணியன்று. தோட்டத்து வீட்டில் ஒரு பெட்டை நாயை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஓர் ஈற்றுக் குட்டிகளை விற்று, அந்தப் பணத்தில் பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் இங்கு உண்டு. ஆகவே நாயின் வம்சத்தில் வழிவழியாக வரும் குறைபாடுகளைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுவது பொருத்தமாகும் என்று எண்ணுகிறோம்.

தன் பெயரைத் தாங்கி நாடெங்கும் செல்லும் ஒரு பொருள் ஓர் ஊருக்கு வாய்ப்பது எளிதன்று. இராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் கோம்பைக்கும் அது வாய்த்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கினுக்குத் தபால்தலை வெளியிட்டபொழுது அவற்றுள் இராஜபாளையமும் ஒன்றாக இருந்தது. பின்னர் 2020-ஆம் ஆண்டில், கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபு வளப் பணியகத்தின் பதிவேட்டில் முதன்முதலாக நாயினங்கள் ஏறியபொழுது, அம்மூன்றில் இரண்டு இந்த மாவட்டத்தின் பெயரைச் சொல்பவை: இராஜபாளையமும் சிப்பிப்பாறையும். மூன்றாவது கர்நாடகத்து முதோள். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டபொழுது, தமிழ்நாட்டு நாய்கள் நான்கின் பெயர்கள் இந்தியா முழுவதும் ஒலித்தன.

பெருமை வந்தால் கிராக்கி வரும். கிராக்கி வந்தால் அவசரம் வரும். குட்டி கேட்டு வெளியூரிலிருந்து ஆள் வந்து நிற்கும்பொழுது, எந்தக் கடுவனை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்று நின்று யோசிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அந்த அவசரத்தின் விளைவைத்தான் இப்பொழுது கண்டுவருகிறோம். நல்ல விலை கொடுத்துப் பால்போல் வெள்ளையான குட்டியொன்றை ஒருவர் வாங்கிச் செல்கிறார். பத்து நாள் கழித்து, "கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, தட்டை எடுத்து ஓசைப்படுத்தினாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறது" என்று செய்தி வருகிறது. விற்றவர், "இங்கே இருந்தவரையில் நன்றாகத்தான் இருந்தது" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆறு குட்டிகள் ஒன்றோடொன்று புரண்டு விளையாடும்பொழுது, ஐந்து எழுந்து ஓடினால் ஆறாவதும் உடன் எழுந்து ஓடும். செவிடு என்பது தனியே பிரித்த பின்னர்தான் தெரியவருகிறது.

இந்தச் செவிட்டுத்தன்மைக்குக் காரணம் கேட்டால் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். காதில் தண்ணீர் புகுந்தது என்பார் ஒருவர். தாய்ப்பால் போதவில்லை என்பார் மற்றொருவர். பக்கத்துச் சிவகாசிப் பட்டாசின் மேல் பழியைப் போடுவோரும் உண்டு. பட்டாசு எத்தனையோ பழிகளைச் சுமந்துகொண்டிருக்கிறது. இந்த ஒன்றையேனும் அதன் தலையிலிருந்து இறக்கிவிடலாம். பிறவிச் செவிட்டின் காரணம் குட்டியின் உடலிலேயே, அதுவும் நாம் மிக விரும்பித் தேடும் அந்த வெள்ளை நிறத்திலேயே பெரும்பாலும் இருக்கிறது.

அது எவ்வாறு என்பதைச் சற்று விளக்கவேண்டும். உடலுக்கு நிறம் கொடுக்கும் ஒருவகை உயிரணுக்கள் உண்டு. குட்டி கருவில் வளரும்பொழுது இவை முதுகுத்தண்டை ஒட்டிய பகுதியில் தோன்றி, உடலெங்கும் பரவிச் சென்று, தோலிலும் உரோமத்தின் வேரிலும் குடியேறுகின்றன. அவ்வாறு குடியேறாத இடத்தில் உரோமம் வெள்ளையாகிறது. மூக்கும் இமையோரமும் இளஞ்சிவப்பாக நின்றுவிடுகின்றன. இதே அணுக்கள் உட்காதில், நத்தைக்கூடுபோல் சுருண்டிருக்கும் உறுப்பிலும் சென்று தங்கவேண்டும். அங்கே இவற்றின் வேலை நிறம் தருவதன்று. ஒலியை உணர்கின்ற நுண்ணிய மயிரணுக்கள் உயிரோடிருக்க வேண்டிய உப்புச் சத்தையும் மின்விசையையும் குறையாமல் காப்பதே அங்கு இவற்றின் வேலை. இவை காதுக்குப் போய்ச் சேராவிட்டால், குட்டி பிறந்து மூன்று நான்கு வாரங்களுக்குள் அந்த மயிரணுக்கள் நலிந்து மடிந்துபோகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. காதில் ஊற்றும் எண்ணெயாலும் ஊசியாலும் இதைத் திருப்ப இயலாது.

வெள்ளை நாய் அனைத்துமே செவிடாகும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வெள்ளையிலும் வகை உண்டு. வடதேசத்துச் சமோயெட் நாய் உடல் முழுதும் வெள்ளை. ஆனால் அதன் மூக்கு கருநிறம். அங்கே நிறம் தரும் அணுக்கள் உரிய இடத்தில் இருக்கின்றன. உரோமத்தில் கருமையை உண்டாக்காமல் இருக்கின்றன, அவ்வளவே. அத்தகைய நாய்களில் பொதுவாகக் காது கெடுவதில்லை. இளஞ்சிவப்பு மூக்கோடு கூடிய வெள்ளையைத்தான் எச்சரிக்கையோடு பார்க்கவேண்டும். நம் இராஜபாளையத்தின் வெள்ளை இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது என்பதை நீங்களே அறிவீர்கள்.

இதே தொல்லையை நீண்ட காலமாக அனுபவித்துவரும் மற்றோர் இனம் டால்மேஷியன். வெள்ளை உடலில் கரும்புள்ளி தெறித்த அந்த நாயைப் படங்களிலேனும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டால்மேஷியன் நாய்களைக் கருவி கொண்டு சோதித்ததில், ஏறத்தாழ நூற்றுக்கு 8 இரு காதும் கேளாதவை என்றும், நூற்றுக்கு 22 ஒரு காது மட்டும் கேளாதவை என்றும் தெரிந்தது. நாம் அறிந்துகொள்ளவேண்டிய செய்தி இந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது. இரு காதும் கேளாத குட்டியை எவரும் நாளடைவில் கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் கேளாத நாயோ கூப்பிட்டால் வரும், குரைக்கும், காவல் காக்கும், நாய்க் காட்சியில் பரிசும் வாங்கும். ஓசை வரும் திசையை அறிவதில் சிறிது தடுமாறும், அவ்வளவே. அதைக் குற்றமற்றதென்று நம்பி இனவிருத்திக்கு வைத்துக்கொண்டால், அதன் ஈற்றுகளில் செவிட்டுக் குட்டிகள் மிகுதியாகப் பிறக்கின்றன. ஆக, ஊரார் கண்ணுக்குப் படும் செவிட்டு நாய்களை மட்டும் நீக்கிவிட்டால் குறை தீர்ந்தது என்று எண்ணுவது, களையின் தலையைக் கிள்ளிவிட்டு வேரை விட்டுவைப்பது போலாகும்.

ஒரு காது கேட்கிறதா, இரு காதும் கேட்கின்றனவா என்பதைத் திட்டமாகச் சொல்லும் சோதனை ஒன்றே உண்டு. அதற்குப் பி.ஏ.ஈ.ஆர். சோதனை என்று பெயர். தலைத் தோலில் மெல்லிய ஊசிமுனைகளை மேலாகப் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியே 'டிக் டிக்' என்ற ஓசையைச் செலுத்தி, மூளைக்குச் செல்லும் மின்னலைகளைப் பதிவு செய்வார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். குட்டிக்கு ஐந்து, ஆறு வாரம் ஆனபின் எப்பொழுது வேண்டுமானாலும் செய்யலாம். ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் போதும். இக்கருவி ஊருக்கு ஊர் இருப்பதன்று. எல்லாக் குட்டிகளையும் அதற்காகத் தூக்கிக்கொண்டு அலையுங்கள் என்று நாம் சொல்லவில்லை. இனவிருத்திக்கென்று நிறுத்தி வைக்கும் கடுவனுக்கும் பெட்டைக்குமாவது இச்சோதனை எங்கே கிடைக்கும் என்பதைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்து அறிந்து, ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே வண்டியில் கொண்டு சென்றால் செலவு பங்காகிவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. குட்டியை உடன்பிறந்தவற்றிடமிருந்து பிரித்துத் தனி அறையில் தூங்க விடுங்கள். அதன் பின்புறம் நின்று, காற்று அசையாமலும் தரை அதிராமலும், சாவிக்கொத்தை மெல்லக் குலுக்குங்கள். கையைத் தட்டவேண்டாம், கைவீச்சின் காற்றே எழுப்பிவிடும். இரண்டு மூன்று முறை, வெவ்வேறு நாளில் இவ்வாறு செய்து பாருங்கள். இது இரு காதும் கேளாத குட்டியைக் காட்டிக்கொடுக்குமேயன்றி, ஒரு காது கேளாததைக் காட்டாது. விளையாட்டின்போது அளவு மீறிக் கடிக்கும் குட்டியையும் கவனியுங்கள். கடிபட்டது கத்துவது அதன் காதில் விழாததே காரணமாக இருக்கலாம்.

இனி மனத்துக்கு வருத்தம் தரும் ஒரு வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்த ஈற்றிலே ஒன்றிரண்டு குட்டிகள் காதிலோ முதுகிலோ பழுப்புத் திட்டோடு பிறப்பதுண்டு. அவற்றைக் கலப்பு என்று கருதிப் பிறந்தவுடனே அழித்துவிடுவதும், பாலுக்கு விடாமல் ஒதுக்கிவிடுவதும் நெடுங்காலமாக நடந்துவந்திருக்கின்றன. அது கலப்பாக இருக்கவேண்டிய அவசியமில்லை. முன்னோர் ஒருவரின் நிறம் தலைகாட்டுவதாகவும் இருக்கலாம். மேலே சொன்ன விளக்கத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். நிறம் தரும் அணுக்கள் ஓரளவேனும் பரவியிருக்கின்றன என்பதற்கு அந்தத் திட்டே அடையாளம். டால்மேஷியனிலும், பிறக்கும்போதே பெரிய கருந்திட்டோடு பிறக்கும் குட்டிகளில் செவிடு குறைவு என்று கண்டிருக்கிறார்கள். எனினும் அந்தத் திட்டை நாய்க் காட்சிகளில் குற்றமென்று தள்ளிவிடுகிறார்கள். அங்கும் இங்கும் ஒரே கதைதான். காது கேட்கும் குட்டியைத் தள்ளிவிட்டுக் கேளாத குட்டிக்குப் பரிசு கொடுத்து வந்திருக்கிறோம். திட்டுள்ள குட்டி அனைத்தும் காது கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதையும் சோதித்தே பார்க்கவேண்டும். ஆனால் அதை உயிரோடு வளர்த்து, உடற்கட்டும் குணமும் நன்றாக அமைந்தால் இனவிருத்தியில் சேர்த்துக்கொள்வது இவ்வினத்துக்கே பெரிய ஆதாயமாகும். வெள்ளை நிறம் போய்விடுமே என்று அஞ்சவேண்டியதில்லை. அத்தனை தலைமுறை தேடிச் சேர்த்த நிறம் ஓர் ஈற்றில் ஓடிவிடாது.

அடுத்தது நெருங்கிய உறவுக்குள் இணை சேர்த்தல். ஆடு வளர்ப்போர் பொலிக்கிடாவை இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றுகிறார்கள். தன் குட்டியோடு தானே சேரக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். நாயிலே மட்டும், "சுத்த வம்சம்" என்ற பெயரால், தந்தையை மகளோடும் அண்ணனைத் தங்கையோடும் சேர்ப்பது பெருமையாகக் கருதப்படுகிறது. தந்தையும் மகளும் சேர்ந்து பிறக்கும் குட்டியில், நூற்றுக்கு 25 பங்கு மரபுப் பொருள் இரு பக்கத்திலும் ஒரே மூலத்திலிருந்து வந்ததாகிவிடுகிறது. தாய் ஒன்று, தந்தை வேறு என்ற உறவில் அது நூற்றுக்கு 12.5. அவ்வாறு இரட்டிக்கும்பொழுது, பல தலைமுறையாக மறைந்து கிடந்த குறைகள் வெளியே வருகின்றன. குட்டிகளின் எண்ணிக்கையும் குறைகிறது. உடல் வலிமையும் தேய்கிறது. பிரிட்டனின் கென்னல் கிளப் 2009-ஆம் ஆண்டு முதல் தந்தை மகள், தாய் மகன், உடன்பிறந்தோர் இணைப்பில் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. மற்றொரு வழியாலும் இதே கேடு நேரும். பரிசு வாங்கிய கடுவன் ஒன்றையே சுற்று வட்டாரமெங்கும் தேடிப் போனால், சில ஆண்டுகளில் எந்தக் குட்டியை எடுத்தாலும் அதன் பேரனாகவோ பேத்தியாகவோ இருக்கும். அப்பொழுது உறவில்லாத கடுவனைத் தேட விரும்பினாலும் கிடைக்காது.

மறைந்து கிடக்கும் குறை என்றோம். அது என்னவென்பதற்கு ஐரிஷ் செட்டர் என்னும் வேட்டை நாயின் கதை நல்ல உதாரணம். அவ்வினத்தில் கண்பார்வை சிறுகச் சிறுக மங்கிக் குருடாகும் நோய் ஒன்று இருந்தது. குருட்டுக் குட்டியின் தாயும் தந்தையும் நன்றாகப் பார்க்கக்கூடியவை. இருவரிடமும் கெட்ட மரபணு ஒன்றும் நல்லது ஒன்றும் இருந்தன. நல்லது கெட்டதை மறைத்திருந்தது. அத்தகைய இரண்டைச் சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி குருடாகும். இரண்டு பெற்றோரைப் போல நோயைச் சுமப்பவையாகும். ஒன்று முற்றும் தூய்மையாகும். 1940-களில் இங்கிலாந்து வளர்ப்போர், ஐயத்துக்குரிய நாயைக் குருட்டு நாயோடு சேர்த்துப் பிறக்கும் குட்டிகளின் கண்ணைப் பார்த்து, எது நோயைச் சுமக்கிறது என்று கண்டறிந்து, அந்நோயை ஒடுக்கினார்கள். 1993-இல் அதற்குக் காரணமான மரபணு மாறுதலே கண்டுபிடிக்கப்பட்டது. இன்று சிறிது இரத்தமோ கன்னத்தின் உட்புறத்து எச்சிலோ போதும், சோதித்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நோயைச் சுமக்கும் நாய் நோயாளியன்று. அதைத் தூய்மையான நாயோடு சேர்த்தால் ஒரு குட்டியும் நோயுறாது. எண்ணிக்கை குறைந்த ஓர் இனத்தில், சுமப்பவை அனைத்தையும் ஒரே நாளில் விலக்கிவிட்டால், அவற்றோடு அவற்றின் நல்ல குணங்களும் போய்விடும். எஞ்சிய சிலவற்றுக்குள்ளேயே இணை சேர்த்து வேறொரு குறையில் போய் விழுவோம். காது விஷயத்தில் இந்தச் சலுகை இல்லை. செவிட்டுக்கு இரத்தச் சோதனை இதுவரை கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் அதில் சம்பந்தப்பட்டிருக்கலாம். ஆகையால் ஒரு காது கெட்டதையும் இனவிருத்தியிலிருந்து நீக்குவதே தக்கது.

வேற்று இரத்தம் கலந்தால் இனமே அழிந்துவிடும் என்று கூறுவோருக்கு ஒரு செய்தி. டால்மேஷியனுக்குச் செவிடு போதாதென்று மற்றொரு குறையும் உண்டு. யூரிக் அமிலம் மிகுந்து சிறுநீர்ப்பையில் கல் கட்டுவது. இனத்திலுள்ள எல்லா நாய்களும் அக்குறையைச் சுமந்ததால், உள்ளேயே தேடிப் பயனில்லாமல் போயிற்று. 1973-ஆம் ஆண்டில் இராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க விஞ்ஞானி பாய்ண்டர் நாய் ஒன்றை டால்மேஷியனோடு ஒரே ஒருமுறை சேர்த்தார். பிறந்த குட்டியை மீண்டும் டால்மேஷியனோடும், அதன் குட்டியை மறுபடியும் டால்மேஷியனோடும் எனத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து, சிறுநீர்க் குறை இல்லாதவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து வந்தார். சில தலைமுறையில் பார்வைக்கு எவ்வித வேற்றுமையும் இல்லாத நாய்கள் கிடைத்தன, கல்லும் இல்லை. வளர்ப்போர் சங்கத்தாரோ நீண்ட நாள் ஒப்பவில்லை. அமெரிக்கக் கென்னல் கிளப் அவற்றை முறைப்படி ஏற்றுக்கொண்டது 2011-இல். விஞ்ஞானம் சில ஆண்டுகளில் முடித்த வேலையை மனிதர் மனம் ஒப்புக்கொள்ளச் சுமார் நாற்பது ஆண்டு சென்றது. நம் நாட்டு நாய்க்கு இன்று வெளியினம் தேவை என்று நாம் சொல்லவில்லை. உறவில்லாத நல்ல கடுவன் நமக்குள்ளேயே பல ஊர்களில் இருக்கும்பொழுது அதைத் தேடிச் செல்லக் கூச்சப்படவேண்டாம் என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

மற்றக் குறைபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். விதை ஒன்று மட்டும் இறங்கி மற்றது வயிற்றிலேயே நின்றுவிட்ட கடுவனை இனவிருத்திக்கு விடலாகாது. அது வம்சத்தில் தொடரும். குட்டிப் பருவத்தில் உடல் முழுதும் உரோமம் உதிர்ந்து டெமோடெக்ஸ் என்னும் உண்ணியால் சொறி கண்ட நாயையும் அவ்வாறே விலக்கவேண்டும். அவ்வுண்ணி எல்லா நாய்களிடமும் உண்டு. சிலவற்றிடம் மட்டும் அது அளவு மீறிப் பெருகுவதற்குப் பிறவியிலேயே வரும் எதிர்ப்புச்சக்திக் குறைவு ஒரு காரணம். அல்சேஷன் போன்ற பெரிய நாய்களில் இடுப்பு மூட்டுக் கிண்ணம் சரியாகப் பொருந்தாத நோய் மிகுதி. இரண்டு வயதில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பின்னரே அவற்றை இணை சேர்ப்பது நல்லது. புல்டாக், பிரெஞ்சு புல்டாக் இவற்றைப் பற்றிச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. மூக்கைச் சப்பையாக்கித் தலையைப் பெருக்கி அழகு பார்த்ததன் விளைவாக, 2010-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்றின்படி, நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்ட ஈற்றுகள் வயிற்றைக் கிழித்தே எடுக்கப்பட்டன. தானாக மூச்சுவிடவும் தானாகக் குட்டி போடவும் முடியாத நாயை நம் சித்திரை வெயிலில் கொண்டுவந்து வைப்பது நியாயமன்று.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டின் நாய் இனவிருத்தி, விற்பனை விதிகளின்படி, குட்டி எடுத்து விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும். பதினெட்டு மாதம் நிறையாத நாயை இணை சேர்க்கக்கூடாது. பெட்டையிடம் பன்னிரண்டு மாதத்தில் ஓர் ஈற்றுக்கு மேலும், ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் எடுக்கக்கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. இந்த எட்டு வாரம் விற்போருக்கும் நன்மையே. காதைச் சோதிக்க அதற்குள் போதிய நாள் கிடைக்கிறது.

செவிட்டுக் குட்டி பிறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதைக் கொல்லவேண்டாம், மறைத்து விற்கவும் வேண்டாம். கையசைவைக் கற்றுக்கொண்டு அது நன்றாகவே வாழும். ஆனால் வண்டி போகும் சாலையில் அவிழ்த்துவிட்டால் உயிருக்கு ஆபத்து. சுற்றுச்சுவர் உள்ள வீட்டுக்கு, உண்மையைச் சொல்லி, இனப்பெருக்கத் தடை அறுவை செய்து கொடுத்துவிடுங்கள். ஒரு குட்டியில் போகும் பணம், வாங்கிச் சென்றவர் நம் ஊர்ப் பெயரைச் சொல்லி ஏசும்பொழுது போகும் மதிப்பைவிடக் குறைவுதான்.

இவையனைத்துக்கும் ஆதாரமாக வேண்டியது ஒரு குறிப்பேடு. பெரிய கணக்குப் புத்தகம் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு போதும். பெட்டையின் பெயர், அதன் தாய் தந்தை, பாட்டன் பாட்டி, இணை சேர்த்த நாள், கடுவனின் ஊரும் வம்சமும், ஈன்ற நாள், எத்தனை குட்டி, எவ்வெவற்றுக்குத் திட்டு, எது செத்தது, எதன் காது எவ்வாறு, யாருக்கு விற்றது என்று எழுதி வையுங்கள். திட்டுள்ள குட்டியையும் செவிட்டுக் குட்டியையும் விடாமல் எழுதுங்கள். அவற்றை மறைத்த குறிப்பேடு வெறும் விளம்பரமாகிவிடும். விற்ற குட்டியின் காது, தோல், இடுப்பு பற்றி ஓராண்டு கழித்து வாங்கியவரிடம் தொலைபேசியில் கேட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாய்க்கு மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் அந்தப் பதினைந்து இலக்க எண்ணை முதற் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நாய் மாறிற்று என்ற தகராறுக்கு இடமிராது.

பெட்டை பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். உதிரம் கண்ட நாளன்று கடுவனைத் தேடி ஓடினால் அருகில் உள்ளதுதான் கிடைக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்பே ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகிரி, சாத்தூர்ப் பக்கத்து வளர்ப்போரிடம் சொல்லி வையுங்கள். அவர்களுடைய குறிப்பேட்டை நீங்களும், உங்களுடையதை அவர்களும் வாங்கிப் பாருங்கள். மூன்று தலைமுறைக்குள் பொதுவான பெயர் ஒன்றும் இல்லையென்றும், இரு நாய்களுக்கும் இரு காதும் கேட்கின்றன என்ற சான்று இருக்கிறதென்றும் கண்ட பின்னர் நாள் குறித்துக்கொள்ளலாம்.